மின்சாமான் விற்பவர் மின்சாரம் படிக்க வேண்டாமா?

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் இன்வெர்ட்டரும் பெட்டரியும் தேடி மக்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எம்மவர் பலருக்கு நல்ல வியாபாரம் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டு மாதம் கழிந்ததும் அதே வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்த கதையும் உண்டு. "நாலு மணித்தியாலம் ஓடும் என்றீர்களே ஹாஜியார், முதல் கிழமை மூன்று மணித்தியாலம் ஓடியது, இப்போது ஒரு மணித்தியாலம் கூட இல்லையே!"

பெரும்பாலும் பெட்டரியில் பிழை இருக்கவில்லை. விற்கும்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். 75 வாட்ஸ் மின்விசிறி இரண்டு, 10 வாட்ஸ் பல்ப் நான்கு, 100 வாட்ஸ் எடுக்கும் ஒரு கணினி. மொத்தம் 290 வாட்ஸ். நான்கு மணித்தியாலத்துக்கு 1,160 வாட்-மணி வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,365. 12 வோல்ட், 100 ஏ.எச். பெட்டரி ஒன்றில் மொத்தமே 1,200 வாட்-மணிதான் இருக்கிறது. ஈய அமில பெட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகத் தேய்ந்துவிடும். ஆகவே இந்தக் கடைக்கு 120 ஏ.எச். பெட்டரி இரண்டாவது வேண்டும். நாமோ 100 ஏ.எச். ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வரை இறங்க வைத்தோம்.

பொருளில் உள்ள குறையைத் தெரிந்துகொண்டே மறைத்து விற்பது கூடாது என்பது எம் எல்லோருக்கும் தெரியும். விற்பவருக்கே தெரியாத குறைக்கு என்ன சொல்வது?

மேலே சொன்ன கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றுமில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ உங்கள் ஊர்ச் சந்தியிலோ உள்ள மின்சாமான் கடையில், சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் தம்பிமாருக்கு இது எட்டாக் கனியல்ல. எந்த வயர் என்ன விலை, எந்த பிராண்ட் ஓடும், எது போலி என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். ஆனால் கிணற்றடியில் 60 மீற்றர் தள்ளி இருக்கும் ஒரு குதிரைவலு மோட்டருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஏன் போதாது என்று கேட்டால் பதில் வராது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வயரில் 9 வோல்ட் அளவில்தான் இழப்பு. ஆனால் மோட்டர் கிளம்பும் வேளையில் மின்னோட்டம் ஐந்தாறு மடங்காவதால் 50 வோல்ட் வரை விழுந்துவிடும். மோட்டர் முக்கி முக்கி நின்று, சுருள் எரியும். பழி மோட்டர் விற்ற கடைக்கு.

மைக்கல் பரடேயின் பெயரைப் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். 1791இல் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர். பதினான்கு வயதில் லண்டனில் ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் புத்தகம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையை வாசித்து, கைக்காசில் சிறிய கருவிகளைச் செய்து பரிசோதித்தார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, மறுவருடம் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இன்று ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் ட்ரான்ஸ்ஃபோமரிலும் வேலை செய்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் முதலாளி ரீபோதான். வேலை நேரத்தில் வாசிக்கிறாயா என்று அவர் பையனை விரட்டவில்லை. பையனின் குறிப்புக் கொப்பியைக் கடைக்கு வந்தவரிடம் பெருமையோடு காட்டினார். அதன் வழியாகவே ஒரு வாடிக்கையாளர் டேவியின் விரிவுரைக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். எங்கள் கடைகளில் பையன் புத்தகம் விரித்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. 10ஆம், 11ஆம் தர விஞ்ஞானப் பாடநூல்களில் உள்ள மின்னியல் பகுதியே தொடக்கத்துக்குப் போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மல்டிமீற்றர், பழைய 12 வோல்ட் பெட்டரி, சில பல்ப், கொஞ்சம் வயர் இருந்தால் படித்ததை அளந்து பார்க்கலாம். லுஹருக்குப் பின் கடை மந்தமாகும் ஒரு மணித்தியாலத்தை இதற்குக் கொடுக்கலாமே. யூடியூப் காணொளிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வயரை எங்கே மாட்டுவது என்பதைக் காட்டும் அளவுக்கு, ஏன் என்பதை அவற்றில் பல சொல்வதில்லை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். தனியாகப் படிப்பதெல்லாம் 12 வோல்ட்டோடு நிற்கட்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரிலேயே விழும்படி செய்யப்பட்டிருப்பது, அதற்கு மேல் உடலில் பாய்ந்தால் இதயம் நின்றுவிடலாம் என்பதால்தான். அந்த வேலையை அனுபவமுள்ள வயரிங் பாஸ் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். புத்தகம் படித்த துணிச்சலில் போர்டைத் திறப்பவன், ஒன்றும் படிக்காதவனை விட ஆபத்தானவன்.

2016இல் சூரியபல சங்கிராமய திட்டம் வந்ததிலிருந்து வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகள் பெருகியிருக்கின்றன. அந்த வியாபாரத்தில் இறங்க எம்மவரில் பலருக்கு ஆசை. கூரையின் அளவையும் மாத மின்கட்டணத்தையும் பார்த்துக் கணக்குச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் வாடிக்கையாளர் பணத்தை நம்பிக் கொடுப்பார்.

சான்றிதழ் இல்லையே என்று சிலர் தயங்குவார்கள். வேலை செய்தே தொழில் பழகியவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நைட்டா போன்ற அரச நிறுவனங்களில் இருக்கிறது. உங்கள் கடையில் கணக்கும் கைப்பழக்கமும் கூடிவந்த தம்பி ஒருவர் இருந்தால், விண்ணப்பத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள். சோதனைக்குப் போகும் நாளில் சம்பளத்தோடு விடுமுறையும் கொடுங்கள். அன்று ஒரு நாள் கடையை முதலாளியே பார்த்துக்கொள்ளட்டும்.