முள் பூச்சியத்தில் நிற்கிறதா?



சென்ற மாதம் அயலிலுள்ள அம்மா ஒருவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். மகனை யுத்தத்தில் பறிகொடுத்து, பேத்தியோடு தனியே வாழ்பவர். குருதி அமுக்கம் 168 என்றார்கள். குளிசையைக் கூட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார்கள்.

"எழும்பினால் தலை சுத்துது பிள்ளை. இன்னும் கூட்டினால் விழுந்திடுவன். பிறகு இவளை ஆர் பாக்கிறது?" என்று என் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் மேசையிலிருந்த கருவியைக் கவனித்தேன். காற்று முழுதாக இறங்கிய பின்னும் முள் 20இல் நின்றது. தயங்கியபடி தாதியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வேறு கருவி கொண்டுவந்து அளந்தார். 148. டொக்டர் குளிசையைக் கூட்டவில்லை.

முள் வைத்த கருவி கீழே விழுந்தாலோ நாட்பட்டாலோ பிழை காட்டும். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது சரியான இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் திருத்த வேண்டும். றப்பர் குழாயில் வெடிப்பு, காற்றுக் கசிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினாலும் அளவு கூடக் காட்டும்.

நாமும் அளக்க முன் 5 நிமிடம் அமர்ந்திருப்போம். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாதிருப்போம். முள்ளைப் பார்ப்போம். சந்தேகமென்றால், "இன்னொருக்கா அளந்து பாருங்கோ மிஸ்" என்று கேட்போம். கேட்பது குற்றமல்ல. ஆனால் நாமாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அந்த அம்மா இப்போது பேத்திக்கும் முள்ளைப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்.