நிக்கோல் பதினைந்தில் வென்றார், சிவசங்கரி இருபத்து நான்கில் வென்றார்

கடந்த தீபாவளியன்று பாகான் செராயில் எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தோம். முறுக்கும் அதிரசமும் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். படிவம் மூன்றில் படிக்கும் என் சித்தி மகள் உள்ளே வந்ததும் மாமா கேட்டார்: "என்னம்மா, நீதான் அடுத்த நிக்கோலா?"

அவள் ஆடுவது கூடைப்பந்து. நிக்கோல் டேவிட் ஆடியது ஸ்குவாஷ். மாமாவுக்கு அது பெரிய வேறுபாடாகத் தெரியவில்லை. விளையாட்டில் பெயர் எடுத்த மலேசியப் பெண் என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் பெயர் நிக்கோல்தான். அவள் சிரித்துக்கொண்டே, "மாவட்டப் போட்டியில ரெண்டாவதா வந்தோம் மாமா" என்றாள். மாமா விடவில்லை. "உன் வயசுல நிக்கோல் ஆசியாவுக்கே தங்கம் வாங்கிட்டா. நீ இன்னும் மாவட்டத்திலேயே நிக்கிறியே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறு வாரம் சித்தி தொலைபேசியில் அழைத்தார். இரண்டு பயிற்சிகளுக்கு அவள் போகவில்லையாம். நான் கேட்டபோது, "வேணாம்க்கா. அவ்வளவு பெருசா வர மாட்டேன்னா எதுக்கு ஆடணும்? அடுத்த வருஷம் படிவம் நாலு. டியூஷனுக்காவது போறேன்" என்றாள்.

மாமா மீது எனக்குக் கோபமில்லை. அவர் ஆசையில்தான் சொன்னார். சொன்ன தகவலும் தவறில்லை. 1998-ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஸ்குவாஷ் தனிநபர் பிரிவில் தங்கம் வென்றபோது நிக்கோலுக்கு வயது 15தான். மறு ஆண்டே உலக இளையர் பட்டத்தையும் வென்றார். தகவல் சரி. ஆனால் அதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் அளவுகோலாகப் பிடிக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

அதே அளவுகோலை இன்னொருவர் மீது வைத்துப் பாருங்கள். கெடா, சுங்கைப் பட்டாணியில் பிறந்த எஸ்.சிவசங்கரியை நாம் அனைவரும் அறிவோம். 2018-ஆம் ஆண்டு ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நிக்கோலும் சிவசங்கரியும் நேருக்கு நேர் மோதினார்கள். ஒருவருக்கு 35 வயது, மற்றவருக்கு 19. ஐந்து செட் வரை போன அந்த ஆட்டத்தில் நிக்கோல் வென்றார். அது ஆசிய விளையாட்டில் அவருடைய ஐந்தாவது தனிநபர் தங்கம்.

அன்று யாராவது சிவசங்கரியிடம், "உன் வயதில் நிக்கோல் இரண்டு முறை உலக இளையர் பட்டம் வென்றுவிட்டாரே" என்று சொல்லியிருந்தால், அதுவும் உண்மைதான். அந்தக் கணக்கின்படி சிவசங்கரி பின்தங்கியவர். ஆனால் பிறகு என்ன நடந்தது? 2022 ஜூனில் கார் விபத்தில் கடுமையான காயம். அந்த ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி கைநழுவிப் போனது. மீண்டு வந்து 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 24. மறு ஆண்டு லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் இறுதியாட்டத்தில் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை வீழ்த்திப் பட்டம் வென்றார். உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள்ளும் நுழைந்தார்.

ஒரே தங்கம். ஒருவருக்கு 15 வயதில், மற்றவருக்கு 24 வயதில். இடையில் ஒன்பது ஆண்டுகள். வயதை மட்டும் வைத்து எடை போட்டவர்கள் இந்த ஒன்பது ஆண்டுகளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒப்பிடும் நிக்கோலே முழுமையான நிக்கோல் இல்லை. அவர் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் நிலை வீராங்கனையாக இருந்தார். எட்டு முறை உலக வெற்றியாளர். இவை நமக்கு நினைவிருக்கின்றன. 2002-ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் இறுதியாட்டத்தில் அவர் தோற்றது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அந்தக் காலக்கட்டத்தில் ஆட்டத்திலிருந்தே சிறிது விலகி ஓய்வெடுத்தார். பிறகு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று லிஸ் இர்விங் என்ற பயிற்றுநரிடம் ஏறக்குறைய தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். முதல் உலக இளையர் பட்டத்திற்கும் முதல் நிலைக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஏழு ஆண்டுகளை நாம் கதையிலிருந்து வெட்டிவிட்டு, தொடக்கத்தையும் உச்சத்தையும் மட்டும் ஒட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

என் தங்கை ஆடும் கூடைப்பந்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஹெரால்ட் மைனர் என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். அவர் துள்ளி எழும்பிப் பந்தை வளையத்தில் திணிப்பதைப் பார்த்து, மைக்கேல் ஜோர்டானோடு ஒப்பிட்டு, 'குட்டி ஜோர்டான்' என்றே அழைத்தார்கள். 1992-இல் லீக்கில் சேர்ந்தார். பந்து திணிக்கும் போட்டியில் இரண்டு முறை வென்றார். ஆனால் நான்கே ஆண்டுகளில் அவருடைய என்.பி.ஏ. ஆட்டம் முடிந்துவிட்டது.

மறுபுறம், கிரேக்க நாட்டில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த யானிஸ் அன்டெட்டோகூன்ம்போ. சிறு வயதில் ஏதன்ஸ் தெருக்களில் பொருள் விற்றுக் குடும்பத்துக்கு உதவியவர். 2013-இல் மில்வாக்கி பக்ஸ் அணி அவரை எடுத்தபோது அவருக்கு முன்பு பதினான்கு பேர் தேர்வாகியிருந்தார்கள். முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளிகள்தான் எடுத்தார். 2019, 2020 இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 2021-இல் வெற்றியாளர் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில் 50 புள்ளிகள் குவித்தார்.

தொடக்கத்தைப் பார்த்து முடிவைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த இருவருமே போதும்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? சிலர் கேட்பார்கள்: "பெரியவர்களைப் பார்த்துத்தானே பிள்ளைகள் வளர வேண்டும்?" உண்மை. தமிழ்நாட்டில் பிறந்து இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வான அனிதா பால்துரையைப் பற்றி நான் என் தங்கைக்குச் சொன்னேன். "தமிழ்ப் பொண்ணாக்கா?" என்று கண் விரியக் கேட்டாள். அது முன்மாதிரி. ஆனால் முன்மாதிரி வேறு, அளவுகோல் வேறு. முன்மாதிரி "இந்த வழியில் போக முடியும்" என்று சொல்கிறது. அளவுகோல் "நீ இன்னும் அங்கு போகவில்லை" என்று சொல்கிறது.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஆளை விட்டுவிட்டு, வளர்ந்த சூழலை ஒப்பிடுவோம். நிக்கோல் பினாங்கில் வளர்ந்தார். ஐந்து வயதிலேயே மட்டையைப் பிடித்தார். அக்காமார்களும் ஸ்குவாஷ் ஆடினார்கள். பயிற்சிக்கு அதே தீவில் திடல் இருந்தது. என் தங்கை பந்தைத் தொட்டதே படிவம் ஒன்றில்தான். பள்ளி அணியில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பெண். வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. அது முடியும்போது மாலை மங்கிவிடும். அப்பா வேலை முடிந்து வரத் தாமதமானால் அவளை அழைத்துவர ஆளில்லை. மழைக்காலத்தில் திடலில் தண்ணீர் நின்றால் அந்த வாரப் பயிற்சியே இல்லை. இவ்வளவையும் தாண்டி மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தது குறைவான செய்தியா?

இப்படி ஒப்பிடும்போது கேள்வி பிள்ளையிடமிருந்து பெரியவர்களிடம் வந்துவிடுகிறது. நிக்கோலுக்குக் கிடைத்த நேரம், பயிற்றுநர், போக்குவரத்து, தோற்றாலும் காத்திருக்கும் பொறுமை: இவற்றில் நாம் எதைக் கொடுத்தோம்?

எல்லாப் பிள்ளைகளும் நிக்கோல் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் ஆக மாட்டார்கள். கூடைப்பந்தில் உயரமும் வேண்டும், அதை யாரும் பயிற்சியால் வளர்க்க முடியாது. ஆனால் நட்சத்திரம் ஆக மாட்டாள் என்பதற்காக ஒரு பிள்ளை பதினைந்து வயதில் ஆட்டத்தை விட வேண்டுமா? படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிவசங்கரி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் ஸ்குவாஷ் அணிக்கும் ஆடினார்.

விடுமுறை முடிந்து நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் முன் தங்கைக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். பயிற்சி நாளில் தனி எறிதல் இருபது போட வேண்டும், எத்தனை உள்ளே விழுந்தது என்று எழுத வேண்டும். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போக முடிந்ததா என்றும் எழுத வேண்டும். வேறு யார் பெயரும் அதில் வரக் கூடாது. முதல் நாள் இருபதுக்கு ஆறு. சென்ற வாரம் புலனத்தில் படம் எடுத்து அனுப்பினாள்: இருபதுக்குப் பதினொன்று. இடது கை இன்னும் பாதித் திடல்தான்.

அந்தப் படத்தை மாமாவுக்கும் அனுப்பினேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? நான் போய் ஏத்திக்கிட்டு வரேன்."

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களே, உங்களையும் யாராவது ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் கோபப்படாதீர்கள், குன்றியும் போகாதீர்கள். அந்த நட்சத்திரம் தோற்ற ஆண்டுகளைத் தேடிப் படியுங்கள். பிறகு உங்கள் சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். பெற்றோர்களே, மாமா அத்தைமார்களே, அடுத்த தீபாவளிக்கு "நீதான் அடுத்த நிக்கோலா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வருஷம் புதுசா என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கும்.