கப்பலா, ஹோட்டலா?

ஸ்டாக்ஹோம் போகும் சகோதரிகளுக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. அங்கே ஷெப்ஸ்ஹோல்மன் என்று ஒரு சின்னத் தீவு. 1888-ல் கடலில் இறங்கிய 'ஆஃப் சாப்மன்' பாய்மரக் கப்பல் அதன் கரையோரம் நிற்கிறது. 1949-ல் அது மலிவு விடுதியாயிற்று. அதே தீவில், சுமார் 1700-ல் படைவீரர்களுக்காகக் கட்டிய நீண்ட கட்டடம், 2009 முதல் பார்த்துப் பார்த்து அலங்கரித்த ஹோட்டல்.

சுற்றிலும் தெரியும் தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான், வாடகைதான் வேறு. காலேஜ் பெண்ணோடு போனால் கப்பலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

மாமியாரும் வருகிறாரா? முழங்கால் வலியோடு அடுக்குக் கட்டிலில் ஏறுவாரா? நடுராத்திரியில் பொதுக் குளியலறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போவது யார்? வாடகையைக் கேட்டு முகம் சுளிக்கும் உங்கள் கணவரா? ஹோட்டலையே கேளுங்கள்!

கப்பல்தான் என்றால், விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா என்று முன்னாலேயே விசாரியுங்கள். சமையலறை உண்டா என்றும்தான். பெட்டியில் ரசப்பொடி இருக்குமே!