தமிழ் டப்பிங்கில் அனிமே பார்த்தால் என்ன தப்பு? தாம்பரம் ரயிலில் தொடங்கும் ஒரு சண்டை

காலை எட்டு மணிக்கு மேல் தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். செங்கல்பட்டில் இருந்தே நிரம்பி வரும் வண்டி என்றால் நிற்கவே இடம் தேட வேண்டும். ஒரு கை மேலே கைப்பிடியில். இன்னொரு கை, முன்பக்கமாக மாட்டிய பையின் மேல். அந்தப் பைக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு சாண் இடைவெளியில்தான் போன். அந்த போன்களில் பாதியில் ரீல்ஸ் ஓடும். மீதியில் கிரிக்கெட், சீரியல், பாட்டு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அங்கங்கே ஒரு கத்திச் சண்டை, ஒரு பேய், ஒரு விநோதமான முடி நிறம். அது அனிமே.

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி என்று தென்சென்னைப் புறநகரில் வளர்ந்து, இப்போது கிண்டியிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை பார்க்கிற ஒரு தலைமுறைக்கு அனிமே பார்க்கக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இந்தப் பயண நேரம்தான். வீட்டுக்குப் போனால் டி.வி. அம்மாவிடம். கையில் போனுடன் உட்கார்ந்தால், "இந்த வயசுல என்னடா பொம்மப் படம் பாத்துட்டிருக்க?" என்பார் அப்பா.

வசதியான விஷயம் என்னவென்றால், அளவு சரியாகப் பொருந்துகிறது. ஒரு சாதாரண அனிமே எபிசோடு சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். இரண்டையும் ஸ்கிப் செய்தால் 21 நிமிடம். தாம்பரத்தில் ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும். சாயங்காலம் திரும்பும்போது இன்னொன்று.

ஆனால் கணக்கு அங்கேயே உதைக்கவும் செய்கிறது. 1999-ல் தொடங்கிய 'ஒன் பீஸ்' 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. வேலை நாளுக்கு இரண்டு என்றால் வாரத்துக்குப் பத்து. அப்படிப் பார்த்தால் 1,100-ஐ முடிக்க 110 வாரம், அதாவது இரண்டு வருஷத்துக்கும் மேல். 'நருட்டோ'வும் அதன் தொடர்ச்சியான 'ஷிப்புடென்'னும் சேர்த்து 720. அதுவும் ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் இழுக்கும். இதற்கு நடுவில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜப்பானில் புது சீசன் தொடங்கிவிடும். 'ஒன் பீஸ்' மட்டும் 2026-ல் இருந்து வருஷத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோடுதான் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். துரத்திக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் இப்போதைக்கு ஆறுதல்.

நெரிசலில் சப்டைட்டில் படிப்பது எப்படி?

இப்போது சண்டைக்கு வருவோம். அனிமே ரசிகர்களில் மிகப் பழைய தகராறு 'சப்பா, டப்பா' என்பது. ஜப்பானியக் குரலில், ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பவர் ஒரு கட்சி. வேறு மொழியில் டப்பிங் செய்ததைப் பார்ப்பவர் இன்னொரு கட்சி. உலகம் முழுக்க இருக்கும் இந்தச் சண்டைக்குத் தமிழ்நாட்டில் தனி முகம் உண்டு. "ப்ரோ, தமிழ் டப்ல பாக்குறியா? அது டப் இல்ல ப்ரோ, டப்பா" என்பது நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாக விழும் வசனம். தமிழில் பார்க்கிறவர் அதோடு வாயை மூடிக்கொள்வார். அடுத்த முறை கேட்டால், "சப்தான் மச்சி" என்று பொய் சொல்லவும் செய்வார்.

இந்தக் கிண்டலில் நியாயம் குறைவு என்பதற்கு முதல் சாட்சி அந்த ரயில் பெட்டிதான். நின்றபடி, குலுங்கியபடி, யாரோ ஒருவர் தோள் திரையை மறைக்க, இரண்டு வரி ஆங்கிலத்தை மூன்று நொடியில் படிக்க முடியாது. மீனம்பாக்கத்தில் கூட்டம் ஏறும்போது ஒரு வரியைத் தவறவிட்டால் கதையில் யார் யாரைக் கொன்றார் என்பதே மாறிவிடும். காதில் கேட்கிற மொழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கண்ணை எடுத்து ஸ்டேஷன் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயில் வந்தது. அதில் இடம் பிடித்து உட்காருகிறவர் தாராளமாக சப்டைட்டில் படிக்கட்டும். மற்றவர்களுக்கு டப்பிங்தான் நடைமுறை.

வசதி போக, இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

ஒரு பத்து வருஷ இடைவெளி

இன்று 25 வயதைத் தாண்டிய தமிழ் ரசிகர் யாரும் ஆங்கில சப்டைட்டிலில் அனிமேவைத் தொடங்கவில்லை. கார்ட்டூன் நெட்வொர்க்கில் தமிழில் பேசிய 'போகிமான்', ஹங்காமா டி.வி.யில் ஷின்சான், டோரேமான் என்றுதான் ஆரம்பம். 2007-ல் சன் குழுமத்தின் சுட்டி டி.வி. வந்தது. அதில் வந்த 'ஜாக்கி சான்' தொடரின் தமிழ் வசனங்கள் இன்றுவரை மீம்களில் ஓடுகின்றன. அது அமெரிக்கத் தயாரிப்பு, அனிமே இல்லை என்று யாராவது திருத்துவார்கள். சரிதான். ஆனால் கார்ட்டூன் தமிழில் பேசினால் அசிங்கமாக இருக்காது, சூப்பராக இருக்கும் என்று அந்தத் தலைமுறைக்குக் காட்டியது அதுதான்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெரியவர்களுக்கான அனிமே தமிழில் வரவில்லை. 2004-ல் இந்தியாவுக்கு வந்த அனிமேக்ஸ் சேனல் ஆங்கிலத்தில் பேசியது. 2017-ல் அதுவும் மூடப்பட்டது. 'அட்டாக் ஆன் டைட்டன்', 'டெத் நோட்' பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு தேடித்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலம் வேகமாகப் படிக்க வந்தவர்கள் தொடர்ந்தார்கள். படிக்க வராதவர்கள் நின்றுவிட்டார்கள். பத்தாம் வகுப்பு வரை ஒரே தெருவில் ஷின்சான் பார்த்த இரண்டு பையன்களில், ஆங்கில வழியில் படித்தவன் அனிமே ரசிகன் ஆனான். தமிழ் வழியில் படித்தவன் "அதெல்லாம் சின்ன வயசுல பாத்தது" என்று விட்டுவிட்டான். ரசனை மாறியதால் விட்டவன் இல்லை அவன். மொழியால் வெளியே நிறுத்தப்பட்டவன்.

"ஒரிஜினல் ஆடியோதான் கெத்து" என்கிற பேச்சு வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். இத்தனைக்கும் அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வது ஜப்பானிய மொழியை இல்லை, கீழே ஓடுகிற ஆங்கிலத்தை. அதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான்.

கதவு மறுபடி திறந்தது அண்மையில். இந்தியாவில் க்ரஞ்சிரோல் தளம் 2022 இறுதியில் மாதச் சந்தாவை 79 ரூபாய்க்குக் குறைத்தது. 2023-ல் இந்தியைத் தொடர்ந்து தமிழ், தெலுங்கு டப்பிங்கும் தரத் தொடங்கியது. 2024 ஜனவரியில் தொடங்கிய 'சோலோ லெவலிங்' தமிழிலும் பேசியது. 2025 செப்டம்பர் 12-ம் தேதி 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கோடு தமிழிலும் வந்தது. இந்தியாவில் அதிகம் வசூலித்த அனிமே படம் அதுதான்.

ஆங்கிலம் தொலைத்ததைத் தமிழ் மீட்கும்

தமிழ் டப்பிங்கைச் சமாளிப்பு என்று பார்ப்பதே தவறு. சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் ஜப்பானிய மொழிக்கு நெருக்கம். இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஒரு கதாபாத்திரம் இழுத்து இழுத்துப் பேசி, கடைசிச் சொல்லில் குண்டைப் போடுகிற காட்சியை ஆங்கிலம் தலைகீழாக்கித்தான் சொல்ல முடியும். தமிழ் அதே வரிசையில் சொல்லும்.

உறவுமுறையில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஜப்பானில் முன்பின் தெரியாத இளைஞரை 'ஓனீசான்' என்று கூப்பிடலாம். தமிழில் 'அண்ணா'. முன்பின் தெரியாத அம்மாவை 'ஒபாசான்' எனலாம். இங்கே 'அக்கா', 'ஆன்ட்டி', 'அத்தை' என்று வயதுக்கும் ஊருக்கும் ஏற்ப வந்துவிடும். 'சென்செய்' என்றால் 'சார்' அல்லது 'மிஸ்'. 'சென்பாய்' என்பதைக் காலேஜ் சீனியரைக் கூப்பிடுகிற தொனியில் சொன்னால் போதும். ஒரு தங்கை 'அண்ணா' என்று கத்துவதை ஆங்கில சப்டைட்டில் பல நேரம் அண்ணனின் பெயராக மாற்றிப் போடும். தமிழ் காதுக்கு அந்த ஒரு சொல் போதும். எப்போது 'நீங்க' 'நீ' ஆகிறது, எப்போது ஒரு 'டா' சேர்கிறது என்பதில் ஒரு நட்பின் கதை முழுவதும் இருக்கும். ஆங்கிலத்தின் 'யூ'வுக்கு இது வராது.

(ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ, இரண்டு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாமலே இவ்வளவு ஒத்துப்போகிறது என்பது இன்னும் சுவாரஸ்யம்.)

அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறதா?

இல்லை. டப்பிங்கைக் கிண்டல் செய்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. உயிர் போகிற காட்சியில் ஒருவர் மேடைத் தமிழில் பேசுகிறார். அடுத்தவர் திடீரென சினிமா பஞ்ச் அடிக்கிறார். ஒரே குரல் மூன்று பாத்திரங்களுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு வந்தால், மேலே சொன்ன 'அண்ணா' எல்லாம் ஆங்கிலத்திலேயே தொலைந்து, தமிழுக்குப் பெயராகத்தான் வந்து சேரும். ஜப்பானிய மொழியில் இருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர ஆள் இல்லையா என்றால், சென்னையில் ஜப்பானிய மொழி படித்து ஜே.எல்.பி.டி. தேர்வு எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் அனிமேவால் இழுக்கப்பட்டு வந்தவர்களும் உண்டு. ஒரகடம் பக்கம் ஜப்பானிய ஆலைகளில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறவர் ஒரு எபிசோடின் வசனத்தைப் பார்த்துத் தர மாட்டாரா?

அதைவிடப் பெரிய குறை தாமதம். ஜப்பான் நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே நள்ளிரவு ஒளிபரப்பு என்றால் இங்கே இரவு எட்டரை. சப்டைட்டிலோடு பார்க்கிறவர் அன்றோ மறுநாளோ பார்த்துவிடுவார். தமிழில் பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் வாரக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் யார் செத்தார் என்பதை இன்ஸ்டாகிராம் சொல்லிவிடும். சில தொடர்களுக்குத் தமிழ் வருமா வராதா என்பதே தெரியாது. முதல் சீசனைத் தமிழில் பார்த்துப் பழகியவர் இரண்டாவது சீசனுக்கு ஏன் குரல் மாறிப் பழக வேண்டும்?

குரல் கொடுக்கிறவர்கள் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. ஜப்பானில் குரல் நடிகர்கள் நட்சத்திரங்கள். ரசிகர்கள் பெயர் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். தாம்பரத்தில் இருந்து கிளம்பும் அதே ரயில் நிற்கும் கோடம்பாக்கத்தில்தான் தமிழ் டப்பிங் தொழில் வளர்ந்தது. வடபழனி, சாலிகிராமம் வரை அதன் ஸ்டுடியோக்கள். டப்பிங் கலைஞர்களுக்கு யூனியனே உண்டு. ஆனால் தமிழில் அனிமே பார்க்கிற ஒருவரிடம் ஒரே ஒரு குரல் கலைஞரின் பெயரைக் கேட்டால் முழிப்பார். டப்பிங் மோசம் என்று திட்ட ஆயிரம் பேர் இருக்கும்போது, நன்றாகச் செய்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்ட நாலு பேராவது வேண்டாமா?

டெலிகிராம் என்கிற குறுக்கு வழி

இந்த இடைவெளியில் புகுந்ததுதான் திருட்டுப் பிரதி. "தமிழ் டப் இருக்கா ப்ரோ?" என்று கேட்டால் உடனே ஒரு டெலிகிராம் லிங்க் வரும். சில நேரம் அதிகாரபூர்வ டப்பிங்கின் திருட்டு, சில நேரம் ரசிகர்களே வீட்டில் மைக் வைத்துப் பேசியது. 79 ரூபாய் என்பது தாம்பரத்தில் இரண்டு டீ, ஒரு பிளேட் பஜ்ஜி கணக்குதான். சம்பளம் வாங்குகிறவருக்கு 'காசு இல்லை' என்கிற காரணம் செல்லாது. 'தமிழில் இல்லை' என்கிற காரணம் செல்லும். எனவே அதை நிறுவனங்களிடம் சொல்ல வேண்டும்.

சொன்னால் கேட்பார்களா? 2019-ல் கேட்டார்கள். மகோட்டோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் திரையிடச் சொல்லி ரசிகர்கள் இணையத்தில் மனு போட்டார்கள். 50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்த அக்டோபரில் படம் இங்கே திரைக்கு வந்தது.

தமிழ் டப்பிங் சீக்கிரம் வர வேண்டும், எல்லா சீசனும் வர வேண்டும், நேராக ஜப்பானிய மொழியில் இருந்து வர வேண்டும் என்று அப்படி ஒரு மனு இதுவரை பெரிதாக எழவில்லை. எழாததற்குக் காரணம், தமிழில் பார்க்கிறவர் அதை வெளியே சொல்லவே கூச்சப்படுவது. அதிகாரபூர்வ செயலியில் ஆடியோவைத் 'தமிழ்' என்று மாற்றி ஒருவர் பார்த்தால் அது நிறுவனத்தின் கணக்கில் ஏறும். டெலிகிராமில் தரவிறக்கி, ஹெட்போனில் ஒளித்துக் கேட்டு, குழுவில் "சப்தான் மச்சி" என்று சொல்கிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.