எலுமிச்சம்பழத்துக்கு ஏன் இந்த வீண் பெருமை?

எந்த எக்ஸ்போவுக்குப் போனாலும் ஒரு ஸ்டாலில் நாலு எலுமிச்சம்பழம் கண்டிப்பா உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜிஐ ஆணி, ஒரு செம்புத் தகடு. ஓரத்தில் மங்கலா எரியும் சிவப்பு எல்இடி. பின்னாடி போஸ்டர்: "பழக்கழிவில் இருந்து பசுமை மின்சாரம்." எல்இடி எரியறது நிஜம். போஸ்டர் சொல்றது நிஜம் இல்லை. ஸ்கூல் பசங்க வெச்சா ரசிச்சிட்டுப் போகலாம். நாம இன்ஜினியரிங் படிக்கிறோம் மக்களே.

அந்த மின்சாரத்துக்கு எரிபொருள் பழம் இல்லை, ஆணி மேல பூசியிருக்கிற துத்தநாகம். அது கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை வயர் வழியா செம்புக்குப் போய், அங்கே சாற்றில் இருக்கிற ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்கின்றன. பழம் கொடுப்பது அமிலமும், அயனிகள் நடமாட ஈரமான பாதையும்தான். சந்தேகமா இருந்தா ரெண்டு பக்கமும் செம்பையே குத்திப் பாருங்க, மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். பழத்துக்குப் பதில் புளிக்கரைசல் வெச்சாலும் வேலை நடக்கும். ரசத்திலும் நடக்கும், ஹாஸ்டல் ரசத்தில் உப்பும் புளியும் இருந்தால்.

அடுத்த ஏமாற்று, வோல்ட் மட்டும் காட்டுவது. 2021-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2,923 எலுமிச்சையைத் தொடராக இணைத்து 2,307.8 வோல்ட் எடுத்து கின்னஸ் சாதனை செய்தது. கேட்கவே பயமா இருக்கு இல்ல? ஆனா கரண்ட்டைக் கேளுங்க. ஒரு பழத்துக்கு 0.9 வோல்ட், உள்மின்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதிகபட்சத் திறன் 0.2 மில்லிவாட். 5 வாட் சார்ஜருக்கு 25,000 பழம் வேணும். ஊறுகாய் போடலாம்.

இதே செட்டப்பை ஒழுங்கா அணுகியவர்களும் உண்டு. 2010-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கை வேகவைத்து, செம்புக்கும் துத்தநாகத்துக்கும் நடுவில் வெச்சாங்க. பச்சைக் கிழங்கைவிட சுமார் பத்து மடங்கு திறன் கிடைத்தது. வெந்ததும் செல் சவ்வுகள் உடைந்து உள்மின்தடை குறைந்ததுதான் காரணம். கிழங்கு கரண்ட் தருதுன்னு போஸ்டர் ஒட்டாம, மின்தடையைக் கவனிச்சாங்க. நம்ம ஸ்டாலில் எத்தனை பேர் உள்மின்தடையை அளந்திருக்கோம்?

இதில் எனக்கு உண்மையா எரிச்சல் தருவது வேற. பழத்துக்குள்ள நிஜமாவே ஆற்றல் இருக்கு, சர்க்கரையா. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கிலோகலோரி, அதாவது ஏறக்குறைய 100 வாட்-மணி. நம்ம போன் பேட்டரி மாதிரி அஞ்சுக்குச் சமம். ஆணியும் செம்பும் அந்தச் சர்க்கரையைத் தொடுவதே இல்லை. தொடணும்னா பாக்டீரியா வேணும்: சாண எரிவாயு கலன், நுண்ணுயிர் எரிபொருள் கலம் மாதிரி. ரெண்டுமே ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தாங்கும். நாற்றம் வரும், வாரக்கணக்கில் காத்திருக்கணும், ரிவ்யூ அன்னிக்கு உடனே எல்இடி எரியாது. அதனாலதான் யாரும் தொடுறதில்லைன்னு நினைக்கிறேன்.

மெஸ் பின்னாடி தினமும் அழுகின பழமும் தோலும் கொட்டுறாங்க. லேப் சாரிடம் அனுமதி வாங்கிட்டு, ஒரு 20 லிட்டர் கேன், கொஞ்சம் சாணக்கரைசலோட இந்த செமஸ்டரே ஆரம்பிக்கலாம். யாராவது வர்றீங்களா?