ஜூரிப் பணிக்கு அழைக்கப்படும் தமிழர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்சிலும் கிரவுன் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து நிற்பவர் குற்றவாளியா இல்லையா என்பதை 12 ஜூரர்கள் முடிவு செய்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள 18 முதல் 75 வயது வரையிலானோரிடமிருந்து கணினி அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தாக வேண்டும் என்பதில்லை. காமன்வெல்த் நாட்டினராக வாக்காளர் பட்டியலில் பதிந்துள்ள இலங்கை, இந்தியக் குடிமக்களுக்கும் அழைப்புக் கடிதம் வரலாம். அதைத் தட்டிக்கழிக்காமல் செல்வதோடு, சாட்சியத்தை எடைபோடும் முறையையும் அறிந்து செல்ல வேண்டும் என்பதே இங்கு வாழும் தமிழர்களிடம் வைக்கும் வேண்டுகோள்.

குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ‘செய்திருப்பார் போலிருக்கிறது’ என்ற எண்ணம் போதாது. சாட்சியங்களைக் கேட்டபின் நிச்சயம் என்று தோன்றினால் மட்டுமே குற்றவாளி என்று சொல்லலாம்.

ஜூரர்களை அதிகம் ஏமாற்றுவது நேர்மையான சாட்சியின் உறுதி. 1895இல் லண்டன் விக்டோரியா தெருவில் அடால்ஃப் பெக் என்பவரை ஒரு பெண் வழிமறித்து, தன்னை ஏமாற்றி நகை பறித்தவன் இவன்தான் என்றார். வேறு பல பெண்களும் அவரையே அடையாளம் காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆள் மாறிவிட்டது. பெக் பல ஆண்டு சிறையில் கழித்தார். 1904இல் மறுபடியும் அதே போன்ற வழக்கில் குற்றவாளி ஆனார். அதன் பிறகே உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். பத்துப் பேர் ஒரே தவறைச் செய்தாலும் அது தவறுதான். சாட்சி எவ்வளவு தூரத்தில் பார்த்தார், வெளிச்சம் இருந்ததா, எத்தனை நொடி, இடையில் எதுவும் மறைத்ததா, முன்பே தெரிந்த முகமா என்று பார்க்கும்படி 1976ஆம் ஆண்டின் டர்ன்புல் தீர்ப்பு வழிகாட்டுகிறது.

நிபுணர் சொல்லும் எண்ணும் அப்படியே. இரண்டு கைக்குழந்தைகளை இழந்த சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர், அவர்களைக் கொன்றதாக 1999இல் 10க்கு 2 என்ற பெரும்பான்மையில் தண்டிக்கப்பட்டார். ஒரே வீட்டில் இரு குழந்தைகள் இப்படி இயற்கையாக இறப்பது 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் சாட்சி சொல்லியிருந்தார். ஒரு குழந்தை அப்படி இறப்பதற்கான 8,543இல் ஒன்று என்ற கணக்கை அதனாலேயே பெருக்கி வந்த எண் அது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் கூறுகளும் சூழலும் பொது என்பதால் அந்தப் பெருக்கலே பிழை. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கொல்வதும் அதே அளவு அரிதல்லவா என்பதை அந்த எண் சொல்லாது. 2003இல் தண்டனை ரத்தானது.

குற்றம் சாட்டப்பட்டு நிற்பவரின் உடை, உச்சரிப்பு, ஊர், மதம், சாதி எதுவும் சாட்சியம் ஆகாது. சாட்சி தமிழில் பேசும் வழக்கில் தமிழறிந்த ஜூரருக்குப் பொறுப்பு கூடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பிழைவிட்டதாகத் தோன்றினால், ஆலோசனை அறைக்குள் தானே திருத்தம் சொல்லக் கூடாது. நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வழக்கைப் பற்றி இணையத்தில் தேடுவது 2015 முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வீட்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பேசக் கூடாது. சக ஜூரர் ஒருவர் இப்படித் தேடியதாகவோ, இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டிப் பேசியதாகவோ தெரிந்தால், நீதிமன்ற ஊழியரிடம் சீட்டுக் கொடுத்து நீதிபதிக்கு உடனே தெரிவியுங்கள். தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.