டேஷ்போர்டுக்கு எந்த மரம்?

பழைய காரை வாங்கிப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ் கவலையெல்லாம் தீர்ந்துவிடும். சித்தூரில் ஓர் அம்பாசடரையோ ஃபியட்டையோ எலும்புக்கூடாக வாங்கிப் பட்டறையில் விட்டவருக்கும் அப்படித்தான். டிங்கரிங் முடிந்திருக்கும். பெயின்ட் ஏறியிருக்கும். சீட்டுக்கு உறை தைத்தாகியிருக்கும். பாக்கி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் நாலடிப் பலகை மட்டுமே. அதுவரை வாய் திறக்காத மனைவி, மைத்துனர், டிரைவர் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வண்டியின் வெளியழகை ரசிப்பது ஊரார். ஓட்டுகிறவர் கண்முன் எப்போதும் இருப்பது டேஷ்போர்டு.

கடைத்தெருவில் கிடைப்பதற்குக் குறைவில்லை. மர ரேகை அச்சடித்த வினைல் தாளை ஒட்டலாம். அச்சிட்ட படலத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிளாஸ்டிக் பாகத்தை அதற்குள் அமிழ்த்தி எடுக்கலாம். மூலை முடுக்கெல்லாம் மரம் போலவே ஒட்டிக்கொள்ளும். பியானோ கறுப்பு இருக்கிறது. ஷோரூமில் கண்ணாடியாக மின்னும். தூசி படிந்த முதல் வாரமே துணியால் துடைத்த கோடுகளைக் காட்டிக் கொடுக்கும். ரெக்சின், தோல், கார்பன் ஃபைபர் மாதிரியான பின்னல் என்று இன்னும் பல. இத்தனைக்கும் பொது எதிரி திருப்பதி வெயில். மே மாதத்தில் கோயில் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும். மலிவான வினைல் ஓரங்களில் சுருண்டு எழும்பும். பளபளக்கும் லாக்கர் மஞ்சளாகும், பிறகு வெடிக்கும். அதோடு, பளபளப்பு எதுவானாலும் மத்தியான வெயிலை முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுகிறவர் கண்ணைக் கூசவைக்கும். இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு ஏற்றது மங்கலான பூச்சுதான். புதிய கார் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். இடது பக்கம் அது வெடித்து வெளிவரும் மூடிமீது பலகை ஒட்டுவது, முகத்துக்கு நேரே கல்லை வைப்பதற்குச் சமம்.

ஆனால் காரைக் கட்டுகிறவர் தேடுவது நிஜ மரத்தை. இங்கிலாந்தில் குட்வுட்டில் உருவாகும் ரோல்ஸ் ராய்ஸும், க்ரூவில் உருவாகும் பென்ட்லியும் அதற்கு வழிகாட்டிகள். அவை பலகையைச் செதுக்குவதில்லை. அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனத்தில் மரத்தைத் தகடாகச் சீவி எடுக்கிறார்கள். வெனீர் என்பது அதுதான். அக்ரூட் மரத்தின் அடித்தண்டில் புடைத்திருக்கும் முண்டு முடிச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். அதைச் சீவினால் மேகம் கலைந்தது போல ரேகை விழும். அடுத்தடுத்த இரண்டு தகடுகளைப் புத்தகத்தைப் பிரித்தாற்போல் விரித்து ஒட்டினால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக அமையும். ரோல்ஸ் ராய்ஸில் ஒரு காருக்கு வேண்டிய வெனீர் முழுவதும் ஒரே மரத்திலிருந்து வரும். எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் நிறம் மாற வேண்டும் என்பது காரணம்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், சந்திரகிரியை நெருங்கும்போது சேஷாசல மலை கண்ணில் படும். காரைக் கட்டுகிறவருக்கு ஆசை பிறக்கும் இடமும் இதுதான். அக்ரூட் எதற்கு? உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் நம் மலையிலேயே இருக்கிறதே! சீமைக் கார்களின் டேஷ்போர்டுக்கே நம் செம்மரம்தான் போகிறது என்ற பேச்சு இந்தப் பக்கம் நிறையவே உலவுகிறது. அந்தக் கார்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அக்ரூட்தான். செம்மரம் போகும் இடம் வேறு. சீனாவில் அதை ஸிதான் என்பார்கள். சிங் வம்ச அரண்மனையின் நாற்காலிகளும் மேசைகளும் அதில் செய்யப்பட்டவை. பெய்ஜிங்கில் 1999-ல் அந்த மரத்துக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு அது போகிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கோ அது கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சி. பிள்ளைகளுக்குப் பூச்சிக்கடி என்றால் பாட்டிகள் கல்லில் உரசிப் பூசிய அதே மரம்தான். சந்தனம் என்று பேர் இருந்தும் வாசனை கிடையாது. சிவப்பும் கனமும்தான் அதன் சொத்து. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும்.

சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்னூல் என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஒரு சிறு வட்டாரம்தான் அதன் பிறந்தகம். வைரம் பாய இருபத்தைந்து, முப்பது வருடம் பிடிக்கும். 1995-ல் அது சர்வதேச வன உயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அழியும் ஆபத்தில் இருப்பதாக 1997-ல் சொன்ன உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், 2018-ல் நிலைமை கொஞ்சம் தேவலை என்றது. 2021-ல் பழைய இடத்துக்கே மரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

மரத்தைவிட மோசமான கதி அதை வெட்டப் போன மனிதர்களுக்கு. ஜவ்வாது மலையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஏஜென்ட்கள் ஆள் சேர்ப்பது ஊரறிந்த ரகசியம். மானாவாரி நிலத்தில் ஒரு வருடம் உழைத்துப் பார்க்காத பணத்தைச் சில நாளில் காட்டுகிறார்கள். கோடரியோடு மலையேறி, இரவில் வெட்டி, கட்டையைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடக்க வேண்டும். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வன அதிகாரிகளைக் கடத்தல்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி விடியற்காலையில், அதே காட்டில், சந்திரகிரி மண்டலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் கூலிகள். கல்லாலும் கோடரியாலும் தாக்க வந்தவர்களைத் தற்காப்புக்காகச் சுட்டதாக ஆந்திரப் போலீஸ் சொன்னது. போலி மோதல் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். திருமலைக்கு ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் பக்தர்கள் கோவிந்தா போட்டபடி ஏறும் மலையின் இன்னொரு மடிப்பு அது. 2021-ல் வந்த 'புஷ்பா' படத்தில் மரம் வெட்டும் கூலி, கடத்தல் ராஜாவாகவே உயர்ந்துவிடுகிறான். ஜவ்வாது மலையிலிருந்து போன கூலிகள் கூலிகளாகவே இருந்து ஜெயிலுக்குப் போனார்கள், அல்லது பிணமாக ஊர் திரும்பினார்கள்.

ஆகவே, தெரிந்தவர் மூலம் இரண்டு பலகை கிடைக்கிறது என்று யாராவது காதோரம் சொன்னால், கார்க்காரர் பதில் சொல்லும் முன் யோசிக்க வேண்டும். பில் இல்லாத செம்மரப் பலகை எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நேர்வழி இல்லாமலும் இல்லை. பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை வனத்துறை அனுமதியோடு வெட்டி விற்கலாம். பறிமுதல் செய்த கட்டைகளை ஆந்திர அரசே ஏலம் விடுகிறது. ஆனால் ஒரு டேஷ்போர்டுக்கு வேண்டிய இரண்டு பலகைக்காக ஏலத்துக்கும் அனுமதிச் சீட்டுக்கும் அலைய முடியுமா? அப்படியே அலைந்து வாங்கினாலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ரத்தச் சிவப்பு என்று எதைப் பார்த்து மயங்கினாரோ அது நிற்காது. வெளிச்சமும் காற்றும் பட்டுப்பட்டுச் செம்மரம் ஊதா கலந்த கறுப்பாகிவிடும். சீனத்து நாற்காலிகள் கறுப்பாக இருப்பதன் காரணமும் அதுதான். டேஷ்போர்டோ, காரிலேயே அதிக வெயில் படும் இடம்.

தோதகத்தி எனப்படும் ரோஸ்வுட்டும் 2017 முதல் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. தேக்கில் பழுதில்லை. எண்ணெய்ப் பசை உள்ள மரம், வெயிலைத் தாங்கும், எந்த மரக்கடையிலும் பில்லோடு கிடைக்கும். கட்டில், கதவு, நிலை என்று எங்கும் பார்த்துச் சலித்துவிட்டது என்பதுதான் அதன் குறை. யாரும் நினைத்துப் பார்க்காத மரம் ஒன்று சித்தூர்த் தோட்டங்களிலேயே கிடைக்கும்: பலா. தஞ்சாவூரிலும் பொப்பிலியிலும் வீணை கடைகிறவர்கள் தேடுவது இதைத்தான். வெட்டிய புதிதில் மஞ்சள் தங்கமாக இருந்து, வருடம் ஏற ஏறத் தேன் நிறமாகவும் பிறகு காப்பி நிறமாகவும் இறங்கும். வெயில் படுவதால் கெடுவதற்குப் பதில் அதன் நிறம் முதிர்கிறது. கைதேர்ந்த ஆசாரி ஒருவர் போதும்.

பலகையாகப் பொருத்தினால் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கி, ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் விடும். மெல்லிய தகடாகச் சீவி, ஒரே கட்டையிலிருந்து வந்தவற்றை வரிசை மாறாமல் அடுக்கி, அலுமினியத் தகட்டிலோ நல்ல பிளைவுட்டிலோ அழுத்தி ஒட்ட வேண்டும். பின்பக்கமும் ஒரு தகடு ஒட்டினால் வளையாது. மேலே மங்கலான லாக்கரை மெல்லிய கைகளாக, ஒவ்வொரு கைக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏற்றினால் ரேகை விரலுக்குத் தட்டுப்படும். மீட்டர்களுக்கான வட்டங்களை வெட்டும்போது விழும் துண்டுகளை ஆசாரியிடமே விட்டுவிட்டு வரக்கூடாது. பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டுவைத்தால், பத்து வருடம் கழித்து ஒரு மூலை பெயரும்போது அதே மரத்தில் ஒட்டுப் போடலாம்.